சேர்த்து வைத்த பேச்சு

அந்த உறை நான்கு நாட்கள் தண்ணீர் பில்லோடு பில்லாகக் கிடந்தது. கன்னடத்தில் எழுதி வருகிற காகிதம் எதுவானாலும் உஷாவுக்கு அது பில்தான். பில் இல்லாவிட்டால் நோட்டீஸ். ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வந்த ஆறு வருஷத்தில் கன்னடம் அவள் காதுக்குப் பழகிவிட்டது, வாய்க்கும் அரைகுறையாக வந்துவிட்டது. கண்ணுக்குத்தான் வரவில்லை. தையல் மிஷின் பாபினில் சிக்கிக்கொண்ட நூலைப் பார்ப்பதுபோல அந்த எழுத்துகளைப் பார்ப்பாள். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று தெரியாமல் அப்படியே எடுத்து காஸ் புத்தகத்துக்கு அடியில் செருகிவிடுவாள்.

ஐந்தாம் நாள் பில் கட்ட உட்கார்ந்த மகள் கிருத்திகாதான் அதைத் தனியே எடுத்தாள்.

"மா, இது பில் இல்ல. யாரோ கையால எழுதியிருக்காங்க. ஸ்டாம்பெல்லாம் ஒட்டியிருக்கு."

"நோட்டீஸா?"

"நோட்டீஸை யாராவது பால்பாயிண்ட்ல எழுதுவாங்களா? இரு, முத்திரைல இங்கிலீஷ்ல என்னமோ இருக்கு. ஹா... ஹாசன்."

தோசை திருப்பப் போன உஷாவின் கை நின்றுவிட்டது. ஹாசனில் அவளுக்குத் தெரிந்தவள் ஒருத்திதான். அந்த ஒருத்தி எழுதுவாள் என்று அவள் நினைத்ததே இல்லை. எழுதினால் என்ன எழுதுவாள் என்பதை மட்டும் ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மா, தோசை கருகுது."

"கருகட்டும். பிரி அதை."

ஹாசனில் இருந்தவள் சாந்தகுமாரி அக்கா. அல்சூரில் பிறந்து அல்சூரிலேயே வளர்ந்தவள். அங்கே ஒரு டாக்டரின் கிளினிக்கில் முப்பது வருஷம் டோக்கன் கூப்பிட்டவள். அவள் குரலைக் கேட்டிருந்தால் தெரியும். டாக்டருக்குப் பயப்படாத நோயாளிகூட அந்தக் குரலுக்கு எழுந்து நிற்பான். ஒரே எண்ணை மூன்று பாஷையில் கூப்பிடுவாள், எவனும் எனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிடக் கூடாதாம்.

உஷா பெங்களூருக்கு வந்த புதிதில், மிஷின் ஊசி விரலில் ஏறி, கையைத் துணியால் சுற்றிக்கொண்டு அந்தக் கிளினிக்குக்குப் போனாள். அவளுக்கு நாற்பத்திரண்டாம் டோக்கன்.

"நாப்பத்திரெண்டு! நலவத்தெரடு! ஃபார்ட்டி டூ!"

உஷா எழுந்திருக்கவில்லை. ஊசி போடுவார்களே என்ற பயம். மூன்று முறை கூப்பிட்டாகிவிட்டது. நைசாக வாசல் வரைக்கும் வந்து செருப்பில் காலை நுழைக்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது.

"எங்கடி ஓடற? கையில ரத்தம் சொட்டுது, நீ பாட்டுக்கு வெளிய நிக்கற. உள்ள வா!"

அப்படி உள்ளே இழுத்துக்கொண்டு போனவள்தான். அதன்பிறகு உஷாவை விடவில்லை. தினம் மத்தியானம் ஒரு போன். ஞாயிற்றுக்கிழமையானால் அல்சூர் ஏரிக்கரையில் ஒரு நடை. நடை என்று பேர்தான்; அக்கா பேசுவாள், உஷா கேட்பாள், இருவரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.

அந்தக் குரலில்தான் கட்டி வந்தது. தொண்டையில். பெரிய ஆஸ்பத்திரியில், குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைக்கும் என்றார்கள். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு அக்கா போனில் சொன்னாள்: "நாளைக்குச் சாயங்காலம் வந்துடுடி. நாளன்னைக்கு எனக்குக் கொரல் இருக்காது. கடைசியா உங்கிட்ட பேசணும்." உஷா வருகிறேன் என்றாள்.

உஷா வரவில்லை.

அப்படித்தான் எல்லோருக்கும் தெரியும். கல்யாண ப்ளவுஸ் பன்னிரண்டு, மறுநாளே கொடுக்க வேண்டியது, நகர முடியவில்லை என்று அவளே சொல்லியிருந்தாள். ஆபரேஷன் முடிந்து அக்காவை மகள் வந்து ஹாசனுக்குக் கூட்டிப்போய்விட்டாள். ஒருநாள் கிருத்திகா வீடியோ போன் போட்டுக் கொடுத்தாள். திரையில் அக்காவின் முகம் வந்தது, கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி தெரிந்தது, உடனே எல்லாம் அணைந்துபோனது. அதற்கப்புறம் போன் எடுக்கவே இல்லை. கோபம்தான், வேறென்ன இருக்க முடியும் என்று உஷா முடிவுகட்டியிருந்தாள். முடிவுகட்டினாலும் மத்தியானம் இரண்டு மணி ஆனால் கை தானாகப் போனைத் தொடும்.

இப்போது உறையைப் பிரித்தால் உள்ளே மூன்று தாள். மூன்றிலும் முன்னும் பின்னும், ஓரத்தில்கூட இடம் விடாமல், கன்னடம்.

"அக்காவுக்குத் தமிழ் எழுத வராதுல்ல?" என்றாள் கிருத்திகா. அவள் பன்னிரண்டாவது வரை ஆரணியில் படித்தவள். அவளுக்கும் இந்த எழுத்து தெரியாது.

"எப்படி வரும்? அவங்க படிச்சது கன்னட ஸ்கூல். பேசறதுதான் தமிழ்."

"அதனால என்ன, போன் படிக்கும். காமிராவ காட்டினா தமிழ்ல மாத்திக் குடுத்துடும்." கிருத்திகா தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் படம் எடுத்தாள். சற்று நேரம் திரையைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

"என்னடி போட்டிருக்கு?"

"'ஏணி உஷா இறந்த பால். கீரை வெள்ளை மாமா. ஏழு மணிக்கு நாய்.' இப்படி வருதும்மா."

"யாருடி செத்தது?"

"யாரும் சாகல, அதுக்குப் புரியல."

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அம்மா, இது அக்கா எழுதினது. செத்தவங்க எழுதுவாங்களா? அல்சூர்ல யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லு. அங்க எல்லாருக்கும் ரெண்டு பாஷையும் தெரியுமே."

அதைத்தான் உஷா செய்ய மாட்டாள். அல்சூரில் அக்காவின் தெருவில் ஒருவர் காதில் விழுந்தால் பத்து வீட்டுக்குப் போகும். கடிதத்தில் தன்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. 'உன் உறவே வேண்டாம்' என்று இருந்தால் அதை முதலில் வேறொருவர் தெரிந்துகொண்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு தனக்குச் சொல்வதா? கடிதத்தை மடித்து ரவிக்கைத் துணிகளோடு கடைக்கு எடுத்துப்போனாள்.

கடை என்றால் தொம்மலூர்ப் பழைய தெருவில் பாதி ஷட்டர். பேண்ட் குட்டையாக்குவது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. எதிரே கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் போய் வந்துகொண்டிருக்கும் கம்பெனி. அதன் வாசலில் செக்யூரிட்டி கோவிந்தப்பா. வடகர்நாடகத்தில் யாதகிரிப் பக்கத்து ஆள். அறுபதைத் தொடுகிற வயது. பெங்களூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கன்னடம் தெரியும், கொஞ்சம் உருது தெரியும். தமிழ் சுத்தமாகத் தெரியாது. அவருடைய யூனிஃபார்ம் சட்டைக்கு உஷாதான் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். அவர் அவளைத் 'தங்கி' என்பார். தங்கை என்று அர்த்தம். அவள் 'அண்ணா' என்பாள். இருவருக்கும் நடுவே ஓடுகிற பேச்செல்லாம் கன்னடம்தான், அவளுடையது அரைகுறை.

மூன்று மணி டீக்கு அவர் கூண்டிலிருந்து வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததும் உஷா போய் நின்றாள். தனக்குத் தெரிந்த கன்னடத்தில், ஹாசனிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, படித்து விஷயத்தைச் சொல்லுங்கள் என்றாள். நல்ல விஷயமாக இல்லாவிட்டால் மெதுவாகச் சொல்லுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கோவிந்தப்பா கண்ணாடியை மாட்டினார். முதல் வரியைப் பார்த்தார். தாளைத் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். மறுபடி தள்ளிப் பிடித்தார்.

"தங்கி, இது கன்னட அல்ல."

"கன்னடம்தான் அண்ணா. பாருங்க, எழுத்து கன்னடம்."

"அக்ஷர நம்து. மாத்து நம்தல்ல." எழுத்து நம்முடையது, பேச்சு நம்முடையது அல்ல என்று கையை விரித்தார். "எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியல, இதை நான் எப்படிச் சொல்லட்டும்?"

உஷாவுக்கும் புரியவில்லை. "சும்மா வாய்விட்டுப் படிங்க அண்ணா. என்ன எழுத்து இருக்கோ அதைப் படிங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளை பஸ் போர்டைப் படிப்பதுபோல எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"ஏ... ண்டி... உ... ஷாசெத்... துப்போ... யிட்டி... யா..."

உஷா பின்னால் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. ஒரு ஆட்டோ போய்க்கொண்டிருந்தது.

"இன்னொரு வாட்டி. இன்னொரு வாட்டி படிங்க அண்ணா."

"ஏண்டி உஷா செத்துப்போயிட்டியா உசுரோட கீறியா."

தடித்த மீசை, புகையிலைக் கறை படிந்த பல், கரகரத்த ஆண் குரல். அதற்குள்ளே அக்கா. அவள் இழுக்கிற இழுப்பு, அந்த 'ஏண்டி'யில் ஏறுகிற ஏற்றம். அவர் வாயிலிருந்து வெறும் ஓசையாகத்தான் புறப்படுகிறது. அவருக்கு அது கல்லும் மண்ணும்தான். தன் காதில் வந்து விழும்போது பேச்சாக இருக்கிறது. நடுவில், அந்த ஒரு முழ தூரத்தில், எந்த இடத்தில் அது பேச்சாக மாறியது? உஷாவுக்குக் கை ரோமம் குத்திட்டு நின்றது. அக்கா தன் தமிழைக் கன்னட எழுத்தில் அள்ளிப்போட்டு அனுப்பியிருக்கிறாள். படிக்கத் தெரிந்தவருக்குப் புரியாது. புரிகிறவளுக்குப் படிக்கத் தெரியாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அவள் வாயைத் திறப்பாள்.

"ஏன் தங்கி, கெட்ட சேதியா?"

"இல்ல அண்ணா. படிங்க. நிறுத்தாதீங்க."

அவர் படித்தார். தப்பான இடத்தில் மூச்சு விட்டார், ஒரு வார்த்தையின் வாலை அடுத்த வார்த்தையின் தலையில் ஒட்டினார். உஷா மனதுக்குள் வெட்டிச் சேர்த்துத் தைத்துக்கொண்டே வந்தாள்.

"நான் நல்லா கீறேன். கழுத்துல ஒரு ஓட்டை, அதுக்கு மேல ஒரு வெள்ளைத் துணி, அவ்ளோதான். மருமவன் வீட்ல ஒரு நாய் கீது. ஊரையே பாத்துக் குலைக்கும், என்னைப் பாத்தா மட்டும் குலைக்கறதில்ல. இவ திருப்பிக் கத்த மாட்டான்னு தெரிஞ்சு அதுக்கே பேஜாராப் போச்சு போல."

உஷா சிரித்துவிட்டாள். கோவிந்தப்பா தலை நிமிர்ந்து, "நாயி! அது எனக்குப் புரிஞ்சுது. நம்ம ஊர்லயும் நாயி நாயிதான்" என்று ரொம்ப சந்தோஷப்பட்டார்.

"எனக்குத் தமிழ் எழுத வராது, உனக்குக் கன்னட படிக்க வராது. சும்னே யோசிச்சு யோசிச்சு இப்படி எழுதறேன். தமிழ் தெரியாத ஆளா பாத்துப் படிக்கச் சொல்லு. தமிழ் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்த, என் மானம் அல்சூர் ஏரியில மெதக்கும்."

இதையும் யோசித்துத்தான் செய்திருக்கிறாள்! உஷா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு வீடியோ போன்ல உன் மூஞ்சியப் பாத்தேன். வாயைத் தொறந்தேன். வாய் அசையுது, சத்தம் இல்ல. காத்து கழுத்து வழியா போவுது. அதை உனக்குக் காட்ட மனசு வரல, கட் பண்ணிட்டேன். கோவம்னு நெனச்சிருப்ப. கோவமும் கீது, இல்லன்னு சொல்ல மாட்டேன்."

இரண்டாம் தாள். கோவிந்தப்பா ஒரு வாய் டீ குடித்துக்கொண்டார்.

"ஆபரேசனுக்கு மொத நாள் காலைல டாக்டர் வந்து, பேசறதெல்லாம் இன்னிக்கே பேசிக்கோம்மான்னாரு. நான் என்னா பண்ணேன் தெரியுமா. வாயை மூடிக்கினேன். நர்சு கேட்டா தலையாட்டினேன். மவகிட்டகூடப் பேசல, அவ கோச்சிக்கினா. ஒரு சொட்டு வெளிய விடல. எல்லாத்தையும் உனக்குன்னு சேத்து வெச்சேன். சாயங்காலம் நீ வருவ, பூரா உங்கிட்டயே ஊத்திடலாம்னு. அஞ்சு மணிலருந்து ஏழு மணி வரைக்கும் கதவையே பாத்துக்கினு கெடந்தேன். நீ வரல."

உஷா அந்தக் கடைசிச் சொல்லை உதட்டுக்குள் திருப்பிச் சொன்னாள்.

அவர் படித்துக்கொண்டே போனார். அவருக்கு நிறுத்த வேண்டிய இடம் எதுவென்று எப்படித் தெரியும்?

"கட்டிய எடுத்தாங்க, கொரலை எடுத்தாங்க. அந்தப் பேச்சை எடுக்கல. அது அப்டியே கீது. அதைத்தான் உனக்கு எழுதப் போறேன். ஒரு கடுதாசில அடங்காது, பத்துல அடங்குமான்னு தெரியல. ஆனா மொதல்ல நீ சொல்லு. ஏன் வரல? கல்யாண ப்ளவுசுன்னு மவகிட்ட சொன்னியாமே, அந்தக் கதை வாணாம். நெசத்த எழுது. எழுதலன்னா மிச்சப் பேச்சையெல்லாம் இந்த நாய்க்குப் போட்டுடுவேன். இப்படிக்கு சாந்தகுமாரி."

கோவிந்தப்பா தாள்களை மடித்துக் கொடுத்தார். ஏதோ சுமை தூக்கி இறக்கியவர்போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் என்ன படிச்சேன் தங்கி?" என்றார்.

உஷா தாள்களை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

அன்றிரவும் மறுநாளும் அவளுக்கு அந்தக் கதவுதான் கண்ணில் நின்றது. அவள் போயிருந்தாள். ஒருவரிடமும் சொல்லாத விஷயம் அதுதான். நாலரை மணிக்கே போய்விட்டாள். வார்டு கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தாள். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், வாயை இறுக்கி மூடிக்கொண்டு. நர்ஸ் ஏதோ கேட்டாள், அக்கா பேசவில்லை. பக்கத்துக் கட்டில்காரி ஏதோ கேட்டாள், பேசவில்லை. ஆறு வருஷத்தில் உஷா பார்த்திராத காட்சி, பேசாத சாந்தகுமாரி. குரல் இன்றைக்கே போய்விட்டது, இனி இப்படித்தான் இருப்பாள் என்று நினைத்தாள். அந்த மௌனத்தின் எதிரே போய் உட்கார அவளுக்குத் தைரியம் வரவில்லை. உள்ளிருந்து அக்கா தன்னைப் பார்க்கும் முன்னால் திரும்பி நடந்துவிட்டாள்.

எதைப் பார்த்துப் பயந்து ஓடினாளோ, அது அவளுக்காகவே சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது!

இதை எழுதினால் அக்கா என்ன சொல்வாள்? வராதவளை மன்னிக்கலாம். வந்து, பார்த்து, திரும்பிப் போனவளை? எழுதாவிட்டாலோ நாய்க்குப் போட்டுவிடுவாள். அவள் செய்யக்கூடியவள்தான்.

மூன்றாம் நாள் உஷா ஸ்டேஷனரிக் கடைக்குப் போனாள். கோடு போட்ட தாள் வேண்டுமா, போடாததா என்று கடைக்காரர் கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அவளிடம் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், துணி வாங்குகிறவள் மாதிரி. கோடு போட்ட தாள், வழவழப்பான வெள்ளை உறை, நீல மைப் பேனா. மைசொட்டு எப்படி விழுகிறது என்று தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். காரணமில்லாமல் மனசுக்குள் ஒரு திருவிழா கிளம்பியது.

"அண்ணா, நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதணும். காதுல விழற மாதிரியே."

கோவிந்தப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பரீட்சை எழுதுகிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அக்கா," என்றாள் உஷா.

அவர் எழுதினார். "ம்?"

"நான் அன்னிக்கு..."

"மெதுவா தங்கி, மெதுவா. இது ரயில் அல்ல."

போனில் என்றால் பேச்சு தானாக ஓடும், பொய்யும் அதோடு கலந்து ஓடிவிடும். இங்கே ஒரு சொல்லைச் சொன்னால், அவர் அதை உருட்டி உருட்டி எழுதி முடிக்கிறவரை அடுத்த சொல்லை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு பேண்ட்டின் மடிப்பை அடித்துவிடலாம், அவ்வளவு நேரம். அவ்வளவு நேரம் வாயில் வைத்திருந்தால் எந்தப் பொய்யும் கசந்துவிடும், துப்பத்தான் வேண்டும். ப்ளவுஸ் கதையை ஒருமுறை நாக்கு வரை கொண்டுவந்தாள். அவர் பேனா 'அன்னிக்கு' என்ற சொல்லை முடிப்பதற்குள் அது செத்துப்போயிற்று.

"நான் அன்னிக்கு வந்தேன்."

எழுதினார்.

"கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு பாத்தேன். நீ பேசாம உக்காந்திருந்த. உன்னை அப்படிப் பாத்ததே இல்லக்கா. எனக்குப் பயமாப் போச்சு. நான் உள்ள வரல. நீ எனக்காக வாயை மூடிட்டு இருந்திருக்க, நான் அதைப் பாத்துட்டு ஓடி..."

அதற்குமேல் வரவில்லை. வேறொன்று வந்தது. ஐந்து மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது, நடுத் தெருவில், டீ குடிக்கிற பிள்ளைகளுக்கு எதிரே, ஹு ஹு என்று உடைந்து வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கோவிந்தப்பா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவளையே பார்த்தார். அவருக்கு நிஜமான சந்தேகம். இந்தப் பாஷையில் எது வார்த்தை, எது வார்த்தை இல்லை என்று அவருக்கு என்ன தெரியும்? மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"இதூ பரீபேகா, தங்கி?"

இதையும் எழுத வேண்டுமா.

உஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "பரீரி அண்ணா. எழுதுங்க."

அவர் யோசித்தார். உதட்டை அசைத்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, மற்ற சொற்களை எழுதிய அதே அக்கறையோடு, அந்த அழுகையை எழுத்துக் கூட்டி எழுதினார்.

உறையைத் தபால் ஆபீஸ் பக்கத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டாள். உள்ளே 'தொப்' என்று ஒரு சின்னச் சத்தம். கையை உடனே எடுக்க மனம் வரவில்லை. தன் உடம்பிலிருந்து புறப்பட்ட ஒன்று, தனக்குப் படிக்கத் தெரியாத உருவத்தில், இந்த இரும்புக்குள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. யார் யாரோ கை மாற்றி, மூட்டையில் கட்டி, வண்டியில் ஏற்றி, ஒரு நாய் இருக்கிற வீட்டின் வாசலைத் தேடிப் போகப்போகிறது. வழியில் எவருக்கும் அது அழுகை என்று தெரியாது. பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்த பெண், "ஆன்ட்டி, ஏதாவது உள்ள விழுந்துடுச்சா?" என்று கேட்டாள். "ஆமாம்மா," என்றாள் உஷா.

அப்புறம் காத்திருப்பு. தபால்காரர் எத்தனை மணிக்கு வருவார், எந்தத் தெருவில் முதலில் நுழைவார், அவர் ஸ்கூட்டர் சத்தம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் அவளுக்கு மனப்பாடம். கிருத்திகா கேலி செய்தாள். "மா, லவ் லெட்டருக்குக்கூட இப்படி யாரும் நின்னதில்ல."

"உனக்கென்னடி தெரியும், உங்களுக்கெல்லாம் ரெண்டு நீல டிக்கு வந்தா போதும்."

கோவிந்தப்பாவும் விடவில்லை. தினம் கேட்டை மூடும்போது, "பந்த்தா?" என்பார். வந்ததா? "இல்லண்ணா." "பருத்தே, பருத்தே." வரும், வரும். என்ன வரப்போகிறது என்று தெரியாமலே அவரும் எதிர்பார்த்தார்.

எட்டாம் நாள் வரவில்லை. பத்தாம் நாள் வரவில்லை. உண்மையைச் சொன்னதே தப்போ என்று பன்னிரண்டாம் நாள் காலையில் நினைத்தாள். அன்று பகல் தபால்காரர் கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தாமலே ஓர் உறையை நீட்டிவிட்டுப் போனார். தடிமனாக இருந்தது. உஷா அதைத் தூக்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், பிரிக்காமல் மிஷின் மேல் வைத்துக்கொண்டு மூன்று மணிவரை ஒரு ஜிப்பைத் தலைகீழாகத் தைத்தாள்.

கோவிந்தப்பா அன்று டீகூட வாங்கவில்லை.

"ஏண்டி உஷா. உன் கடுதாசி வந்துது. யாருடி அதை எழுதனது? எழுத்து அச்சு மாதிரி கீது. அந்த ஆளுக்கு என் நமஸ்காரம் சொல்லு."

"அண்ணா, உங்களுக்கு நமஸ்காரம் சொல்லியிருக்காங்க."

"எனக்கா?" கோவிந்தப்பா கடிதத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத் தொடர்ந்தார்.

"எல்லாம் படிச்சேன். ஒரு எடத்துல ஹு ஹு ஹ்னு எழுதியிருந்துது. என்னா வார்த்தைன்னு தெரியல. தமிழா கன்னடமா ஒண்ணும் புரியல. சரி, வாயால சொல்லிப் பாப்போம்னு சொன்னேன். வாய்ல ஒண்ணும் வரல. கழுத்துல இருக்கற துணி மட்டும் ஹு ஹுன்னு ஏறி ஏறி எறங்குச்சு. அப்பதான் தெரிஞ்சுது, அடிப்பாவி, அழுதிருக்கான்னு. ஆபரேசன் ஆனதுலருந்து நான் முழுசா சொன்ன மொத வார்த்தை அதாண்டி."

தெருச் சத்தமெல்லாம் எங்கோ தூரப் போய்விட்டதுபோல இருந்தது உஷாவுக்கு. தன் நெஞ்சிலிருந்து கிளம்பியது, யாதகிரிக்காரர் கையில் எழுத்தாகி, ஹாசனில் ஒரு வெள்ளைத் துணியில் மறுபடி மூச்சாகி எழுந்திருக்கிறது. ஒரு பிசிறுகூட வழியில் சிந்தவில்லை. இது எப்படி முடிகிறது? உலகம் இத்தனை நாள் இதையா சாதாரண தபால் என்று சொல்லிக்கொண்டிருந்தது?

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னியா? நீ வேற எங்க நிப்ப. மொத நாள் கிளினிக்லயும் வெளியதான நின்ன, கையில ரத்தத்தோட. உன்னை யாராவது கூப்பிட்டாத்தான் உள்ள வருவ, அது உன் புத்தி. அன்னிக்கு நான் பேச்சைச் சேத்து வெக்கறேன்னு உன்னைக் கூப்பிடாம உக்காந்துட்டேன். அது என் புத்தி. சரி, இப்போ கூப்பிடறேன்."

கோவிந்தப்பா தாளைத் திருப்பினார். திருப்பியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"தங்கி, இந்தப் பக்கத்துல எழுத்து பெரிசு பெரிசா இருக்கு. பக்கம் பூரா நாலே வரி." தாளை அவள் பக்கம் காட்டினார். நீல மை, விரல் தடிமனுக்கு, ஒவ்வோர் எழுத்தும் மூன்று நான்கு முறை மேலே மேலே எழுதி அழுத்தியது. தாளின் பின்புறம் தடவினால் கையில் தட்டும்.

அவர் தயங்கினார். பிறகு, எழுத்தின் அளவைப் பார்த்து அவராகவே புரிந்துகொண்டு கேட்டார். "கூகலா?"

கத்தட்டுமா.

"கூகி அண்ணா," என்றாள் உஷா.

கோவிந்தப்பா ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கடிதத்தை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்து, வயல் கடந்து ஆள் கூப்பிடுகிற தொண்டையில் கூப்பிட்டார்.

"நாப்பத்திரெண்டு!"

டீக்கடைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நலவத்தெரடு!" இது அவர் பாஷை, புரிந்துபோன உற்சாகத்தில் குரல் இன்னும் ஒரு படி ஏறியது. "ஃபார்ட்டி டூ! உஷா! வெளிய நிக்காத! உள்ள வாடீ!"

எதிர்க் கட்டடத்துக் கண்ணாடி முழுக்க அந்தக் குரல் பட்டுத் திரும்பியது. குரல் இல்லாத ஒருத்தியின் குரல். ஜூஸ் வாங்க நின்றிருந்த ஒருவன் தன் சீட்டை எடுத்து எண் சரிபார்த்துக்கொண்டான். உஷா எழுந்து நின்றாள். கால் தானாக ஓர் அடி முன்னே வைத்தது.

"வந்துட்டேன்க்கா," என்றாள். சத்தமாகவே சொன்னாள்.

கோவிந்தப்பா அவளைப் பார்த்தார், கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். அதில் இன்னும் படிக்காத தாள்கள் நாலைந்து இருந்தன. மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து, அவற்றைத் தொடைக்கடியில் பத்திரமாக வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இதூ பரீபேகா, தங்கி?"

"பரீரி அண்ணா," என்றாள் உஷா. "அதைத்தான் மொதல்ல எழுதணும்."